புதன்கிழமைத் தண்ணீர்

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவளை ஊர் வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? மீட்டரம்மா என்றுதான். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. பெயருக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்கிற வேலை அது. வாசலோரக் குழியின் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்க வேண்டும், கண்ணாடியைத் துடைக்க வேண்டும், எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் எண். மீட்டரம்மாவுக்கோ அது கதை. தண்ணீர் திடீரென்று ஒன்றரை மடங்கு ஏறினால் அந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. பாதியாக இறங்கினால் பிள்ளை வெளியூருக்குப் படிக்கப் போயிருக்கிறான். பச்சைக் கதவு வீட்டில் ஒருமுறை எண் குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு மறுநாளும் போய் மூடியைத் தூக்கினாள். ஓர் எண்கூட நகர்ந்திருக்கவில்லை. ஆள் அனுப்பிக் கதவைத் திறந்து பார்த்தால், கால் முறிந்து சமையலறையில் கிடந்தார் ஒரு பெரியவர். பிழைத்துக்கொண்டார். அந்தச் சம்பவத்தை மீட்டரம்மாவிடம் ஒருமுறைகூடக் கேட்டிராத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

இப்போது அவளுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மீட்டர். அது அவள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அவள் கணவர் டைல்ஸ் பதிக்கிறவராக இருந்தவர். பிள்ளைகள் தனித்தனியாகப் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் தன் கையாலேயே ஒரு சின்ன வீடு கட்டினார். ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, ஒரு குளியலறை. வேலை பார்த்த இடங்களிலெல்லாம் மிச்சமான நீல டைல்ஸைச் சேர்த்து வைத்திருந்து, குளியலறையில் ஒரு ஆள் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும்படி தொட்டி ஒன்றும் கட்டினார். மீட்டரம்மா தன் பங்குக்கு எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டச் சொல்லி, பின்வீட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன மீட்டர் வைத்தாள். வாடகையிலேயே தண்ணீரும் சேர்த்தி. ஆகவே அந்த மீட்டருக்கு உண்மையில் ஒரு வேலையும் இல்லை, மீட்டரம்மாவுக்கு வேலை கொடுப்பதைத் தவிர.

தினமும் காலை ஏழு மணிக்குக் கொக்கியும் நோட்டுமாக மரத்தடிக்குப் போவாள். எண்ணைக் குறிப்பாள். பிறகு, பின்வீட்டுக் கதவு திறந்திருந்தால் அன்போடு இரண்டு வார்த்தை.

"என்ன தம்பி, நேத்து குளிக்கலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அல்லது, "விடியறதுக்குள்ள நாலு வாட்டி எழுந்திருக்கீங்க போல. வயிறு ஏதும் சொல்லுதா?"

விசாரிப்பதில் என்ன தப்பு? ஆனால் குடித்தனம்தான் நிலைக்கவில்லை. முதலில் வந்த இளம் ஜோடி எட்டு மாதத்தில் இன்னும் பெரிய வீடு வேண்டும் என்று கிளம்பியது. அடுத்து வந்த கல்லூரி மாணவி ஐந்தே மாதத்தில் காரணம் சொல்லாமல் காலி செய்தாள். இப்போது இருப்பவர் பல் செட் செய்கிறவர். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை, நடந்து போனால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. பகல் ஒரு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புவார். மீட்டரம்மா அவருக்கு வைத்த பெயர் பல்லுக்காரர். பதினோரு மாதமாக இருக்கிறார் என்பதே ஒரு சாதனை.

அந்தப் பல்லுக்காரர்தான் மாத முதல் வாரத்தில் ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணும்னுதான் ஆசை."

"இருங்க. யாரு வேணாம்னா?"

"இல்ல, நடுவுல ஒரு மேனேஜர் மாதிரி யாராவது இருந்தா நல்லாயிருக்கும். வாடகை வாங்கறது, ரிப்பேர் பாக்கறது, அதெல்லாம் அவங்க மூலமா. அப்படின்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

"எதுக்கு தம்பி நடுவுல ஒரு ஆளு? இங்கேருந்து அங்க இருபது அடி. கூப்பிட்டா கேக்குமே."

"கேக்கும்மா" என்றார் பல்லுக்காரர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

அவர் போன பிறகு மீட்டரம்மாவின் கணவர் தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தார். பல்லுக்காரர் செய்து கொடுத்த புது பல் செட்டின் புண்ணியம் அது.

"மேனேஜரை வெச்சுடு. எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆப்பிளைக் கடிச்சுத் திங்கறேன். அந்த ஆளு போயிட்டா, செட்டு கொஞ்சம் லூசானா நான் யார்கிட்டப் போவேன்? மறுபடியும் எல்லாத்தையும் ஊறவெச்சுத்தான் திங்கணும்."

மீட்டரம்மாவுக்கும் பல்லுக்காரர் போகக் கூடாதுதான். ஆனால் மேனேஜர் வந்துவிட்டால் பின்வீட்டுப் பக்கம் அவள் போக முடியாது. எட்டிப் பார்ப்பதற்கும் முன்கூட்டிச் சொல்லியனுப்ப வேண்டும் என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. புதன்கிழமை விஷயம் என்னவென்று தெரியாமலே போய்விடுமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். பல்லுக்காரர் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றிரண்டு லிட்டர் தண்ணீர் செலவழிக்கிற மனிதர். இரண்டு கூடும், இரண்டு குறையும், அவ்வளவுதான். மீட்டரம்மா தன் வேலைக் காலத்தில் இப்படியொரு ஒழுங்கான ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் வியாழக்கிழமை காலை மூடியைத் தூக்கினால் முந்தைய நாளுக்கு நானூற்றுச் சொச்சம் காட்டும். அநேகமாக எல்லா வாரமும். ஒற்றை ஆள் புதன்கிழமையன்று அவ்வளவு தண்ணீரை என்ன செய்கிறார்?

பல் அச்சு எடுக்கிற மாவைக் கழுவி ஊற்றுகிறாரோ என்று முதலில் நினைத்தாள். கணவரை விட்டுச் சாக்கடைக் குழாயைத் திறந்து பார்க்கச் சொன்னாள். பளிச்சென்று இருந்தது. மீன் வளர்க்கிறாரோ? குப்பைத் தொட்டியில் மீன் தீனிப் பொட்டலம் ஒன்றுகூட விழவில்லை. ஊரார் துணியை வாங்கி வெளுத்துக் கொடுக்கிறாரோ? கொடியில் காய்வது இரண்டு சட்டை, ஒரு போர்வை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றால் புதன்கிழமையென்று பார்த்துத்தான் அவளுக்கு முழங்கால் பயிற்சி. ஒன்பது மணிக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு, அவள் திரும்புவதற்குள் பல்லுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். தன் கெட்ட நேரத்தை நொந்துகொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசிப் பாக்கறேன். பேசறதுல என்ன போச்சு" என்றாள் கணவரிடம். மனதில் வேறொரு திட்டம் இருந்தது.

மேனேஜராக வந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிறத்தில் அட்டை. முந்தைய நாளே பல்லுக்காரருக்குச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். கூலி வாடகையில் பத்தில் ஒரு பங்கு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள். மீட்டரம்மாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. தன்னைப் போலவே வீடுகளோடு பிழைப்பு நடத்துகிற ஒருத்தி. கேள்விகளை அடுக்கினாள்.

"மொத்தம் எத்தனை வீடும்மா பாத்துக்கறீங்க?"

"நாப்பத்தி மூணு."

"அத்தனையும் ஞாபகம் இருக்குமா?"

"வீட்ட ஞாபகம் வெச்சுக்குவேன். உள்ள இருக்கறவங்க என்ன பண்றாங்கங்கறத மறந்துடுவேன். அதுக்குத்தான் எனக்குக் கூலியே."

இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று மீட்டரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு புதன்கிழமை விஷயத்தைச் சொன்னாள். உள்ளே போகும்போது சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

மேனேஜர் பின்வீட்டில் இருபத்தைந்து நிமிடம் இருந்தாள். மீட்டரம்மா அந்த இருபத்தைந்து நிமிடமும் அடுப்பங்கரை ஜன்னலருகே ஒரே பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மேனேஜர் வந்து தன் படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

"குழாயெல்லாம் நல்லா இருக்கு. சுவத்துல ஈரம் இல்ல. குளியலறைக் கதவுல ஒரு கீல் மட்டும் தளர்ந்திருக்கு."

"புதன்கிழமை?"

"கேட்டேன். சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"அத நான் சொல்ல மாட்டேம்மா."

மீட்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வீட்டுக்கு ஏதும் கெடுதலா?"

"இல்ல."

"அவருக்கு?"

"அவருக்கு ரொம்ப நல்லது."

"அப்ப எனக்குச் சொன்னா என்ன?"

மேனேஜர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சிரித்தாள். "என்னை வேலைக்கு வெச்சாலும் சொல்ல மாட்டேன், வெக்கலைன்னாலும் சொல்ல மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள யோசிச்சு ஒரு போன் போடுங்க. அதுக்கப்புறம் அவர் வேற வீடு பாக்க ஆரம்பிச்சுடுவார்."

தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல மாட்டார்கள். மீட்டரம்மாவுக்குத் தலையே வெடித்துவிடும் போல் இருந்தது. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். சொந்த வீட்டுக் கொல்லையில் நடப்பதைத் தானே கண்டுபிடிக்க முடியாதவள் முப்பத்தொரு வருடம் என்ன கிழித்தாள்?

அடுத்த புதன்கிழமை அவள் முழங்கால் பயிற்சிக்குப் போகவில்லை.

"முழங்காலு?" என்றார் கணவர்.

"அது எங்கயும் ஓடிடாது."

ஒரு கூடைப் பட்டாணியை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். ஒன்பதேகாலுக்குப் பல்லுக்காரர் தோளில் துண்டோடு வாசலுக்கு வந்தார். வெளியே போனால் அவள் சாத்திவிட்டுப் போகும் அந்த ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். ஒரு கூடை பட்டாணி தீர்ந்தது, பகல் ஒரு மணி ஆனது, பல்லுக்காரர் வேலைக்கும் போனார். வியாழன் காலை மூடியைத் தூக்கினால் தொண்ணூற்று மூன்று.

மோப்பம் பிடித்துவிட்டாரே என்று எரிச்சலாக வந்தது. பயிற்சி நிலையத்தில் தவறவிட்ட நாளுக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். போனாள். காலை மடக்கு, நீட்டு, மடக்கு என்று அந்தப் பிள்ளைகள் படுத்திய பாட்டில் பல்லுக்காரரைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணைப் பார்த்தாள். முந்தைய நாள் எண்ணைக் கழித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமைக்கு நானூற்றுப் பன்னிரண்டா? மறுபடி துடைத்துப் பார்த்தாள். அதேதான். நாள் மாறியிருக்கிறது. ஏன் மாறியது? நேற்று என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அவள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

மீட்டரம்மா பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் தினப்படித் தொண்ணூற்றிரண்டைக் கழித்தால் முந்நூற்றிருபது. அவள் கணவர் கட்டிய நீலத் தொட்டி சரியாக முந்நூற்றிருபது லிட்டர் பிடிக்கும். கட்டி முடித்த அன்று இதே மீட்டரை வைத்து அளந்து சொன்னது அவளேதான். மாவும் இல்லை, மீனும் இல்லை. அந்த மனிதர் வாரத்தில் ஒரு நாள் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, காலை நீட்டிப் படுத்துக் குளிக்கிறார். அதற்கு அவள் பஸ் ஏறும் வரை காத்திருக்கிறார்.

நோட்டை எடுத்துப் புரட்டினாள். பயிற்சி நிலையம் மூடியிருந்த மூன்று வாரம், புதன்கிழமைகளில் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. அவள் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாளில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். அன்று அதைப் பார்த்துவிட்டு எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று கணவரைக் கொல்லையெல்லாம் தோண்ட வைத்தது நினைவுக்கு வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாளா? உள்ளே போய் அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளையும் எடுத்தாள். ஜோடி இருந்த காலத்தில் செவ்வாயும் சனியும் ஏறியிருந்தது. முழங்கால் வலி வருவதற்கு முன் அவள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்கள். மாணவி இருந்தபோது ஒழுங்கே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறியிருந்தது. கணவரின் இருமலுக்கு மருந்து வாங்க அவள் அலைந்த தேதிகள் அவை. மூன்று குடித்தனமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை, பேசிவைத்துக்கொண்டதும் இல்லை. மூன்றும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தன. அவள் கைப்படக் குறித்த எண்கள்தான். ஊரில் எந்த வீட்டு எண்ணைக் காட்டினாலும் ஒரு நிமிடத்தில் கதை சொல்லிவிடுகிறவளுக்கு, தன் கொல்லை எண்ணில் தன்னைப் படிக்கத் தெரியாமல் போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

கணவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். சனிக்கிழமை எட்டரைக்கு டைல்ஸ் கடைக்குப் போய்ப் பகல் வரை உட்கார்ந்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

"என்னங்க, நான் ரொம்பக் கேள்வி கேக்கறேனா?"

கணவர் யோசித்தார். "கேள்வி கேட்டாப் பரவாயில்லையே. நீ பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு வந்து கேக்குற. அதான் கஷ்டம்."

"உங்களுக்குமா?"

"பின்ன நான் எதுக்கு வாராவாரம் அந்தக் கடையில போய் உக்காந்திருக்கேன்? வேலைய விட்டு ரெண்டு வருஷமாச்சு."

"புது டிசைன் பாக்கன்னு சொன்னீங்க."

"டைல்ஸ்ல என்ன, வாரா வாரமா புது டிசைன் வருது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மீட்டரம்மா அன்று பகல் முழுக்க மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். பிறகு மேனேஜருக்குப் போன் செய்தாள்.

"புதன்கிழமை விஷயம் தெரிஞ்சுபோச்சும்மா."

"சொல்லிட்டாரா?"

"இல்ல. மீட்டர் சொல்லிச்சு. கண்ணுல பட்டதக் கேட்டேன், வேற எதுவும் தப்பா நெனச்சதில்ல. அன்னிக்கு அந்தப் பச்சைக் கதவு வீட்டுல நான் எட்டிப் பாக்கலைன்னா, அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்திருப்பார்." அந்தக் கதையை முழுவதுமாகச் சொன்னாள்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டாள். "நல்ல காரியம்தான்ம்மா. ஆனா அது முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள். மத்த நாளெல்லாம் அவங்க சும்மா குளிச்சுக்கிட்டுதானே இருந்தாங்க."

மீட்டரம்மா மேஜைமேல் கிடந்த நோட்டுகளை மூடி அடுக்கினாள். "படிவத்த எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பல்லுக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவரிடம் கேட்க மீட்டரம்மாவிடம் ஏழெட்டுக் கேள்வி இருந்தது. தண்ணீரைச் சுடவைத்து ஊற்றுகிறாரா, அப்படியேவா? எவ்வளவு நேரம் படுத்திருப்பார்? தொட்டியில் சாய்கிற சரிவு முதுகுக்குச் சரியாக இருக்கிறதா? எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

"பேனா நல்லா எழுதுதா தம்பி?"

"எழுதுதும்மா."

"இன்னொண்ணு. நான் வெளிய போற நாளப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. நான் உள்ள இருந்தாலும் இல்லாத மாதிரிதான் இனிமே."

பல்லுக்காரரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தலையை மட்டும் ஆட்டினார்.

மேனேஜர் கிளம்பும்போது மீட்டரம்மா தன் கொக்கியை எடுத்து வந்து நீட்டினாள். பிடியில் துணி சுற்றி, அந்தத் துணியும் கறுத்துப்போன பழைய கொக்கி. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேட்டு வாங்கி வந்தது.

"இது எதுக்கும்மா? மூடி தூக்க என்கிட்ட இருக்கே."

"இருக்கும்னு தெரியும். இது என் கையில இருந்தா நான் தூக்கிடுவேன். கொண்டு போங்க."

அதன் பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. காலை ஏழு மணியானால் எலுமிச்சை மரத்தடிக்குப் போய் நின்றது. வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு வருவாள். முதல் வாரக் கடைசியில் ஏழு பழம் சேர்ந்திருந்தது. இரண்டாவது வாரம் மூன்று. மேனேஜர் மாத அறிக்கை என்று ஒரு தாள் அனுப்பினாள். கீல் மாற்றப்பட்டது, மற்றபடி எல்லாம் நலம் என்றது அது. மீட்டரம்மா அந்த இரண்டு வரியை ஒரு மணி நேரம் படித்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. கணவர் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பின்வீட்டிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கனமாக, வெறும் தொட்டியில் விழுகிற சத்தம்.

மீட்டரம்மாவின் கை நின்றது. அவள் வீட்டில் இருக்கிறாள், ஜன்னலும் திறந்திருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது.

"தண்ணி ஓடுது" என்றார் கணவர், தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஓடட்டும்."

கண் தானாகச் சுவர்க்கடிகாரத்துக்குப் போயிற்று. நேரம் பார்த்தால் எவ்வளவு நிறைகிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதற்குள் மணி பத்தேகால் ஆகியிருந்தது கண்ணில் பட்டுவிட்டது. எட்டரைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய கணவர் இன்னும் லுங்கியோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். ஏன் கடைக்குப் போகவில்லை என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. மீட்டரம்மா தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, பட்டாணியை உரிக்க ஆரம்பித்தாள்.